நின்ற இடத்தை விட்டு நகராதீர்கள்: தென்னாப்பிரிக்கா வரும் தமிழ்க் குடும்பத்துக்கு

கேட்டிருப்பது இது: "தைப்பூசக் காவடி பார்க்க மதுரையிலிருந்து டர்பன் வருகிறோம். நான், மனைவி, எழுபது வயதைத் தாண்டிய அப்பா, அம்மா. டர்பனில் ஒரு வாரம், பிறகு வாடகைக் காரில் ஜோகன்னஸ்பர்க், அங்கிருந்து விமானத்தில் கேப் டவுன். போனால் உருவி விட்டுவிடுவார்கள் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உண்மையில் என்னென்ன ஏமாற்று வேலைகள் நடக்கின்றன? எதற்கு எப்படி உஷாராக இருப்பது?"

இங்கே வந்து போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு குறையும் இல்லாமல்தான் ஊர் திரும்புகிறார்கள். மாட்டிக்கொள்கிறவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். யூனிஃபார்ம் போட்டவர் கூப்பிட்டால் நிற்பவர்கள், உதவிக்கு வந்தவரை முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சப்படுகிறவர்கள், இவர்கள்தான் மாட்டுகிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களிடம் இந்தக் குணம் இன்னும் கூடுதல். ஆகவே இதை நீங்கள் மட்டும் படித்தால் போதாது; புறப்படும் முன் அப்பா, அம்மாவையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்.

இந்த நாட்டு ஏமாற்றுகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஓர் அசைவு இருக்கும். ஏமாற்றுகிறவன், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அவன் குறித்து வைத்த இடத்துக்கு உங்களைக் கொண்டுபோயாக வேண்டும்: ஏடிஎம் முன்னால், அவன் காருக்குள், ஆளில்லாத சாலையோரத்துக்கு, அவன் அனுப்பிய வலைப்பக்கத்துக்கு. அந்த நகர்வு நடக்காவிட்டால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. யாராவது உங்களை அவசரப்படுத்தி எங்கேயோ அழைக்கிறார் என்று தோன்றினால், காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அந்த இடத்திலேயே நில்லுங்கள், அல்லது ஆள் நடமாட்டமுள்ள கடைக்குள் நுழையுங்கள். கத்தியோ துப்பாக்கியோ காட்டிப் பறிப்பது வேறு சங்கதி. அது கொள்ளை. அங்கே பேசவே கூடாது. கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு, கைகள் தெரியும்படி வைத்துக்கொண்டு விலகிவிடுங்கள்.

முதல் வேலை மதுரையிலேயே இருக்கிறது. 2020 அக்டோபர் முதல் இந்திய ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு கார்டுக்கும் வெளிநாட்டுப் பயன்பாடு, ஏடிஎம், கடை இயந்திரம், இணையம், கார்டைத் தொட்டுப் பணம் கட்டும் 'டேப்' ஆகியவற்றைத் தனித்தனியாகத் திறக்கவும் மூடவும், தினசரி உச்சவரம்பு வைக்கவும் வங்கி ஆப்பிலேயே வசதி உண்டு. பலரும் புறப்படும்போது எல்லாவற்றையும் மொத்தமாகத் திறந்துவிட்டு வருகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கடை இயந்திரத்தை மட்டும் திறந்து வையுங்கள். வெளிநாட்டு ஏடிஎம் வசதியை மூடியே வைத்திருந்து, பணம் எடுக்கப் போகும் சற்று நேரத்துக்கு மட்டும் ஆப்பில் திறந்து, எடுத்து வந்ததும் மூடுங்கள். உச்சவரம்பை ஒருநாள் தேவை அளவுக்குக் குறைத்து வையுங்கள். ஒரு ரேண்ட் ஏறத்தாழ 5 ரூபாய் என்று மனதில் வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். இந்த ஒரு ஏற்பாடு கீழே சொல்லப்போகும் ஏடிஎம் ஏமாற்றுகளில் பாதியை முளையிலேயே கிள்ளிவிடும்.

ஆளுக்கு ஒரு கார்டு, அதுவும் வெவ்வேறு வங்கிக் கார்டு. ஒன்றை வெளியே கொண்டுபோனால் மற்றது விடுதியின் பெட்டகத்தில் இருக்கட்டும். வங்கியின் அவசர எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1800 என்று தொடங்கும் இலவச எண் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது. +91 என்று தொடங்கும் எண் வேண்டும். ஓடிபி வரும் இந்திய சிம்மைப் பழைய போன் ஒன்றில் போட்டு அறையிலேயே வைத்துவிட்டு, தெருவில் இறங்கும்போது வங்கி ஆப் இல்லாத இன்னொரு போனை எடுத்துக்கொள்வது நல்லது. திறந்த நிலையில் இருக்கும் போனைப் பறித்து அதிலிருந்தே பணத்தை மாற்றும் வேலை இங்கே நடக்கிறது. ஏடிஎம் வசதியைத் திறக்க வேண்டிய நாளில் மட்டும் விடுதியிலேயே திறந்துவிட்டு, நேராக அருகிலுள்ள மாலுக்குப் போய் எடுத்து வாருங்கள்.

உள்ளூர் சிம் வாங்கும்போதும் கவனம் வேண்டும். இங்கே ஒவ்வொரு சிம்மும் வாங்குபவரின் பாஸ்போர்ட், தங்குமிட முகவரியோடு பதிவாக வேண்டும், 'ரிக்கா' என்பார்கள். தெருவில் "பதிவெல்லாம் முடிந்தது, போட்டால் வேலை செய்யும்" என்று விற்கும் சிம் வேறொருவர் பெயரில் இருப்பது. எண் எப்போது வேண்டுமானாலும் கைமாறலாம். விமான நிலையத்துக்குள் இருக்கும் நிறுவனக் கடையிலேயே வாங்குங்கள்.

டர்பன் விமான நிலையமான கிங் ஷாகா, நகரத்துக்கு வடக்கே சுமார் 35 கி.மீ. தள்ளி லா மெர்சியில் இருக்கிறது. இவ்வளவு தூரம் போக வேண்டியிருப்பதால்தான் வெளியே வந்ததும் சூழ்ந்துகொள்கிறார்கள். ஒரு சொல் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்: இங்கே 'டாக்சி' என்றால் வழியெல்லாம் ஆள் ஏற்றி இறக்கும் வெள்ளை மினிபஸ். நம் ஊர் அர்த்தத்தில் வேண்டுமானால் 'மீட்டர் டாக்சி' என்றோ, ஊபர், போல்ட் என்றோ கேட்க வேண்டும். வருகை வாசலில் "ஊபர்? ஊபர்?" என்று கூப்பிடுகிறவர் ஊபர் ஓட்டுநர் இல்லை, ஆப்பில் வந்தவர் கூவி அழைக்க வேண்டிய அவசியமே கிடையாது. நம்பர் பிளேட், வண்டியின் நிறம், ஓட்டுநர் முகம் மூன்றும் ஒத்துப்போன பிறகே ஏறுங்கள். பயணம் தொடங்க 'பின்' சொல்லும் வசதியை ஆப்பில் போட்டு வைத்தால் ஆள் மாறாட்டம் நடக்காது. ஏறிய பிறகு ஓட்டுநர் "ஆப்பில் ரத்து செய்துவிட்டு ரொக்கமாகக் கொடுங்கள், குறைத்துக்கொள்கிறேன்" என்றால் சம்மதிக்காதீர்கள். ரத்து செய்த நிமிடத்திலிருந்து நீங்கள் எந்த வண்டியில் இருக்கிறீர்கள் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை.

ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். தாம்போ நிலையத்தில் சும்மா வந்து தள்ளுவண்டியைப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு. அங்கீகாரம் பெற்ற சுமைதூக்குவோர் ஆரஞ்சு உடையில், அடையாள அட்டையோடு இருப்பார்கள். மற்றவர் கையை வண்டியில் வைத்தால் "நோ, தேங்க்யூ" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியை விடாமல் நடங்கள். வெளியே வந்த பிறகு பேரம் பேசிப் பயனில்லை. இன்னொன்று முக்கியம்: விமான நிலையத்தில் பெருந்தொகை மாற்றாதீர்கள். கட்டுப் பணத்தை எண்ணி வாங்குகிறவரை நோட்டம் பார்த்து, விடுதி வரை பின்தொடர்ந்து வந்து பறித்த சம்பவங்கள் இந்த நிலையத்தைச் சுற்றி நடந்திருக்கின்றன. முதல் நாள் செலவுக்கு மட்டும் மாற்றினால் போதும். விடுதிகளும் பெரிய கடைகளும் கார்டை வாங்கிக்கொள்ளும். தெருவில் கூடுதல் விலைக்கு டாலரையோ ரூபாயையோ மாற்றித் தருகிறேன் என்று வருகிறவரிடம் பேச்சே வேண்டாம். அது சட்டப்படி குற்றம். நீங்கள் புகார் கொடுக்கப் போக முடியாது என்பதும் அவனுக்குத் தெரியும். இங்கே 200 ரேண்டுதான் மிகப் பெரிய நோட்டு. அதற்கு மேல் எதையாவது நீட்டினால் அது காகிதம்.

இனி ஏடிஎம். இங்கே நிதானமாகப் படியுங்கள், வெளிநாட்டவர் பணம் அதிகம் போவது இங்கேதான்.

கேப் டவுனின் நடுநகரில், லாங் ஸ்ட்ரீட், பிரீ ஸ்ட்ரீட் பக்கம், நன்றாக உடுத்திய ஒருவர் கழுத்தில் அடையாள அட்டையோ மேலே ஒளிரும் மேலாடையோ போட்டுக்கொண்டு வந்து மரியாதையாகப் பேசுவார். "மன்னிக்கணும் சார், இன்று இந்தத் தெருவில் நிகழ்ச்சி, நடந்துபோக அனுமதிச்சீட்டு வேண்டும். இலவசம்தான். அதோ அந்த இயந்திரத்தில் எடுத்துக்கொள்ளலாம்" என்பார். அவர் காட்டுவது வங்கி ஏடிஎம். அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்று, "நானும் இப்போதுதான் எடுத்தேன்" என்று ஒரு துண்டுச்சீட்டைக் காட்டுவார், அவரும் கூட்டாளி. உங்கள் கார்டைப் போடச் சொல்வார்கள், பின் எண்ணை அழுத்தச் சொல்வார்கள், திரையில் இதை அதை அழுத்த உதவுவார்கள். பின் எண் அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. கார்டு உள்ளேயே சிக்கும், அல்லது அதே நிறத்தில் வேறு கார்டு உங்கள் கைக்கு வரும். அரை மணி நேரத்தில் உச்சவரம்பு வரை காலி. தென்னாப்பிரிக்காவில் எந்தத் தெருவிலும் நடந்துபோக அனுமதிச்சீட்டு என்று ஒன்று கிடையாது. எந்த அரசு அலுவலகமும் வங்கி ஏடிஎம் வழியாக அனுமதி கொடுப்பதில்லை. இந்த இரண்டு வாக்கியத்தை அப்பாவுக்கு மனப்பாடமாகவே சொல்லிவையுங்கள்.

இரண்டாவது வகை, கார்டு சிக்கவைப்பது. கார்டு நுழையும் வாயில் மெல்லிய பட்டையோ பசையோ வைத்திருப்பார்கள். போட்டால் திரும்பி வராது. பின்னால் நிற்பவர் பரிவோடு, "எனக்கும் நேற்று இப்படித்தான் ஆயிற்று, பின் எண்ணைப் போட்டு கேன்சல் அழுத்துங்கள், வந்துவிடும்" என்பார். வராது. நீங்கள் வங்கிக்குள் ஓடுவீர்கள். அவர் பட்டையை உருவிக் கார்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இப்படி ஆனால் செய்ய வேண்டியது: இயந்திரத்தை விட்டு ஒரு அடி கூட நகராதீர்கள். ஒருவர் அங்கேயே நிற்க, இன்னொருவர் அங்கேயே நின்றபடி வங்கியின் +91 எண்ணை அழைத்துக் கார்டை முடக்க வேண்டும். முடக்கியது உறுதியான பிறகுதான் வங்கிக்குள் போவது. தனியாக ஏடிஎம் போகவே கூடாது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

மூன்றாவது, மாற்றிக் கொடுப்பது. "இந்த மெஷின் ஆஃப்லைன், கார்டைத் துடைத்துப் போடுங்கள்" என்று வாங்கி, துடைத்துத் திருப்பித் தருவார். தருவது வேறு யாருடையதோ. உங்கள் பெயர் அச்சான கார்டுதானா என்று அந்த நொடியே பார்க்கும் பழக்கம் வேண்டும். கார்டின் மூலையில் ஒரு சிறிய வண்ண ஒட்டுத்தாள் ஒட்டி வைத்தால் பார்த்ததும் தெரிந்துவிடும்.

பணம் எடுக்க வேண்டுமானால், பகலில், மாலுக்குள்ளோ வங்கிக் கிளைக்குள்ளோ இருக்கும் இயந்திரம். பின் எண் அழுத்தும் கையை மறு கையால் மூடுங்கள். ஒருவர் அழுத்தும்போது மற்றவர் திரும்பி நின்று பின்னால் பார்க்கட்டும். யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாமல் கேன்சல் அழுத்தி, கார்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். இந்த ஓரிடத்தில் மரியாதைக் குறைவாக நடந்துகொள்வதில் தப்பே இல்லை. திரையில் "ரூபாயில் கணக்கிடவா, ரேண்டிலா?" என்று கேட்டால் ரேண்ட்தான். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் போடும் மாற்று விகிதத்தில் பல சதவீதம் போய்விடும். சட்டவிரோதம் இல்லை, ஆனால் நஷ்டம் நஷ்டம்தான். உணவகத்தில் கார்டு இயந்திரத்தை மேசைக்கே கொண்டு வருவார்கள், 'ஸ்பீட்பாயிண்ட்' என்பார்கள். அதிலும் இதே கேள்வி, இதே பதில். கார்டு உங்கள் கண்ணை விட்டு மறையக் கூடாது. பெரிய குழுவாகப் போனால் பில்லிலேயே சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கலாம். அதைப் பார்க்காமல் மேலும் 10 சதவீதம் டிப் எழுதுகிறவர்கள் நிறைய.

அடுத்து சாலை. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் என்3 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 570 கி.மீ. நல்ல சாலை. அதிகாலையில் புறப்பட்டு வெளிச்சத்திலேயே போய்ச் சேருங்கள். மரியன்ஹில், மூய் ரிவர், டுகேலா, வில்ஜி, டி ஹூக் என்று சுங்கச்சாவடிகள் வரும். அதற்கு ரொக்கத்தைத் தனி உறையில் போட்டு முன்னால் வையுங்கள். சாவடியில் பர்ஸைத் திறந்து தேடுவதைப் பக்கத்தில் நிற்பவர்கள் பார்க்க வேண்டாம்.

காரை எடுக்கும்போதே நான்கு பக்கமும், கூரை, சக்கரம், கண்ணாடி, எரிபொருள் முள், கிலோமீட்டர் எண் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். ஊழியர் படத்தில் கோடு போட்டுத் தரும் சேதக் குறிப்பில் இல்லாத கீறலை அவர் முன்னாலேயே எழுதச் சொல்லுங்கள். டயரும் கண்ணாடியும் வழக்கமான காப்பீட்டில் அடங்காமல் போவது சகஜம். சரளைக்கல் சாலையில் போனால் காப்பீடு செல்லாது என்று சிறிய எழுத்தில் இருக்கும். திருப்பித் தரும்போது ஊழியர் கையெழுத்து இல்லாமல் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு விமானம் ஏறினால், பிறகு கார்டில் விழும் தொகைக்கு எதிராகக் காட்ட உங்களிடம் அந்த வீடியோ மட்டும்தான் இருக்கும்.

மாலில் காரை நிறுத்திவிட்டு ரிமோட்டை அழுத்தினால் பூட்டிவிட்டது என்று எண்ணாதீர்கள். கேட் திறக்கும் சாதாரண ரிமோட்டை அதே நேரத்தில் ஒருவன் அழுத்திக்கொண்டிருந்தால் உங்கள் சமிக்ஞை காரைச் சென்றடையாது. கதவு திறந்தபடியே இருக்கும். அழுத்திய பிறகு கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். பைகளை விடுதியில் புறப்படும்போதே டிக்கியில் வையுங்கள். போய் இறங்கிய இடத்தில் டிக்கியைத் திறந்து வைத்தால் அதைப் பார்ப்பதற்கென்றே ஒருவன் இருப்பான். சிக்னலை இங்கே 'ரோபோ' என்பார்கள். ரோபோவில் நிற்கும்போது மடியில் கைப்பையோ கையில் போனோ தெரியக் கூடாது. கண்ணாடியை உடைத்துப் பறிக்க இரண்டு நொடி போதும்.

ஓடும் காரில் பக்கத்து வண்டிக்காரர் கை காட்டி "டயர் காற்று இறங்குகிறது, புகை வருகிறது" என்று சைகை செய்தால் நிற்காதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும், அடுத்த பெட்ரோல் நிலையம் வரை மெதுவாக ஓட்டிப் போங்கள். ரிம் கெட்டால் கெட்டுப் போகட்டும். நிறுத்திய இடத்தில் டயரைக் குத்திவிட்டு, சற்று தூரத்தில் உதவிக்கு வருவது பழைய வேலை. சாலையில் கல்லோ கட்டையோ கிடந்தாலும் இறங்கி அகற்றாதீர்கள். பெட்ரோல் நிலையத்தில் ஊழியர்தான் நிரப்புவார். இயந்திரம் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஆயில் பார்க்கிறேன் என்று குச்சியைப் பாதி மட்டும் நுழைத்து எடுத்து, குறைவு என்று காட்டி ஒரு டப்பா விற்பதும் உண்டு. வாடகைக் காருக்கு ஆயில் உங்கள் பொறுப்பு இல்லை, வேண்டாம் என்று விடுங்கள். நல்ல ஊழியருக்கு 5 அல்லது 10 ரேண்ட் கொடுப்பது இங்கே வழக்கம். வாகன நிறுத்தத்தில் காரைப் பார்த்துக்கொள்ளும் 'கார் கார்டு' என்ற காவலாளிகளுக்கும் அதே அளவு, திரும்பி வந்த பிறகு. முன்பணம் கேட்டுக் கறாராகப் பேசினால் வேறு இடத்தில் நிறுத்துங்கள்.

போலீஸ் விஷயம் சற்று நுணுக்கமானது, ஏனென்றால் உண்மையான போலீஸும் நிறுத்துவார்கள், நிற்கத்தான் வேண்டும். சந்தேகம் வருவது, போலீஸ் அடையாளம் இல்லாத கார் நீல விளக்கைச் சுழலவிட்டு நிறுத்தச் சொல்லும்போது. அப்போது வேகத்தைக் குறையுங்கள், அபாய விளக்குகளைப் போடுங்கள், ஜன்னல் வழியே கையை நீட்டி 'முன்னால் போகலாம்' என்று சைகை காட்டியபடி அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கோ ஆளுள்ள பெட்ரோல் நிலையத்துக்கோ ஓட்டிப் போங்கள். இந்நாட்டுப் போலீஸே சொல்லும் வழி இது. அவர்கள் உண்மையானவர்கள் என்றால் பின்னாலேயே வருவார்கள். வேகமெடுத்து ஓடினால்தான் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். பக்கத்தில் இருப்பவர் 10111 அல்லது செல்போனிலிருந்து 112 அழைத்து எங்கே இருக்கிறோம் என்று சொல்லட்டும்.

போக்குவரத்து அதிகாரி நிறுத்தி, "உங்கள் லைசென்ஸ் இங்கே செல்லாது, 2000 ரேண்ட் கட்டுங்கள், ஸ்டேஷனுக்குப் போனால் நேரமாகும்" என்றால் அது பேரத்தின் ஆரம்பம். 'கூல்டிரிங்க்' என்ற சொல் காதில் விழுந்தால் லஞ்சம் என்று பொருள். ஆங்கிலத்தில் அச்சாகி, படமும் கையெழுத்தும் உள்ள செல்லுபடியான வெளிநாட்டு லைசென்ஸ் இங்கே செல்லும். கூடவே மதுரை ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கி வந்தால் வாதத்துக்கே இடம் இல்லை. அதிகாரியிடம் குரலை உயர்த்தாமல் மூன்றே விஷயம் சொல்லுங்கள்: உங்கள் அடையாள அட்டையைக் காட்டுங்கள், அபராதத்தை எழுத்தில் கொடுங்கள், போலீஸ் நிலையத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொள்கிறேன். சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள். அவசரம் இல்லாதவரிடம் அவருக்கு வேலை இல்லை. நூறு ரேண்டை மடித்துக் கொடுத்துத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், கொடுப்பதும் குற்றம். ஆனால் வேகம் உண்மையிலேயே உங்கள் தப்பாக இருக்கலாம்: நெடுஞ்சாலையில் 120, ஊருக்குள் 60 என்பது பொது வரம்பு.

தெருவில் சாதாரண உடையில் இருவர் போலீஸ் என்று சொல்லி, கள்ள நோட்டு பார்க்க வேண்டும், பர்ஸைக் காட்டு என்றால் காட்டாதீர்கள். பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு, சான்றளித்த நகலை எடுத்துச் செல்லுங்கள். எந்தப் போலீஸ் நிலையத்திலும் மூலத்தைக் காட்டினால் நகலில் முத்திரையிட்டு இலவசமாகக் கொடுப்பார்கள். டர்பன் வந்த மறுநாளே இதைச் செய்துவிடுங்கள்.

இனி கோயில். இதை எழுதத் தயக்கம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் கரை சேர்ந்த நாளிலிருந்து இங்கே வேரூன்றியவர்கள், கோயிலில் நீங்கள் சந்திக்கப்போகும் மக்கள். நாயுடு, கவுண்டர், பிள்ளை, முதலியார், செட்டி என்ற பெயர்கள் ஆங்கில எழுத்தில் திரிந்து குடும்பப் பெயராகவே நிலைத்திருக்கின்றன. பேச்சு ஆங்கிலம், பூசையில் தேவாரம். ஊரிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் டர்பன் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உள்ள வீட்டுக்குச் சாப்பிட அழைப்பார்கள். அந்த அன்பு நூற்றுக்கு நூறு உண்மை. ஆன்ட்டி, அங்கிள் என்று கூப்பிட்டுப் பழகுங்கள், போய்ச் சாப்பிடுங்கள். உண்மையான விருந்தோம்பல் ஒருநாளும் பணம் கேட்காது. வணக்கம் சொன்ன கையோடு நன்கொடைப் புத்தகத்தை நீட்டுகிறவர், முதலீட்டுத் திட்டம் சொல்கிறவர், "என் தம்பி கார் வைத்திருக்கிறான், கேப் டவுன் வரை பார்த்துக்கொள்வான், முன்பணம் அனுப்புங்கள்" என்கிறவர், இவர்களிடம் மட்டும் நிதானம் வேண்டும். கோயிலுக்குக் கொடுக்க விரும்பினால் உண்டியலில் போடுங்கள், அல்லது அலுவலகத்தில் ரசீது வாங்கிக் கொடுங்கள். பதிவு பெற்ற அமைப்புகளுக்கு 'என்பிஓ' எண், அதாவது லாப நோக்கற்ற அமைப்பு என்ற பதிவு எண் இருக்கும், ரசீதில் அச்சாகியிருக்கும். காவடிக் கூட்டத்தில் தாலிச் சங்கிலியைத் துணிக்குள் மறைத்துக்கொள்ளுங்கள்; டர்பன் நடுநகரத்தில், விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் பக்கம், தங்கமே வேண்டாம். மசாலாவும் கைவினைப் பொருளும் வாங்க அருமையான இடம். பேரம் பேசுவது வழக்கம்தான், தேவையான சில்லறையை மட்டும் முன்பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

வாங்கவே கூடாதது பட்டை தீட்டாத வைரம். சுரங்கத்தில் வேலை செய்யும் சகோதரன் கொடுத்தான், பாதி விலை என்பார்கள். கண்ணாடித் துண்டாக இருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். உண்மை வைரமாக இருந்தால், 1986-ஆம் ஆண்டு வைரச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம். பணம் கைமாறிய நிமிடத்தில் 'போலீஸ்' வந்து நின்று, வழக்கில்லாமல் விட இன்னும் பணம் கேட்பதுதான் இந்த நாடகத்தின் இரண்டாம் காட்சி. சுத்திகரிக்காத தங்கமும் அப்படித்தான். தந்தப் பொருளை வாங்கினால் இரண்டு நாட்டுச் சுங்கத்திலும் மாட்டுவீர்கள்.

முறையான கடையில் வாங்கிய பொருளுக்கு 15 சதவீத வாட் வரியைத் திரும்பப் பெறலாம். மொத்தம் 250 ரேண்டுக்கு மேல் இருக்க வேண்டும், முறையான வரி ரசீது வேண்டும், சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் கிடையாது. பெட்டியை விமானத்தில் ஒப்படைப்பதற்கு முன் பொருளைக் காட்ட வேண்டும். இடையில் யாராவது ரசீதைக் கொடுங்கள், வாங்கித் தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள். நீங்களே நேராகக் கவுண்டருக்குப் போங்கள், நடுவில் ஆள் வேண்டாம்.

முன்பதிவில் இப்போது நடப்பது: நீங்கள் விடுதியை முன்பதிவு செய்த ஆப்பின் உரையாடலிலேயே, அந்த விடுதியின் பெயரிலேயே செய்தி வரும். "உங்கள் கார்டு சரிபார்க்கப்படவில்லை, 12 மணி நேரத்தில் இந்த இணைப்பில் உறுதி செய்யாவிட்டால் ரத்தாகும்." விடுதியின் கணக்கைத் திருடி அனுப்புவது அது. ஆப்பை விட்டு வெளியே கொண்டுபோகும் எந்த இணைப்பையும் தொடாதீர்கள். விடுதியின் எண்ணைத் தனியாகத் தேடி அழையுங்கள். உம்லாங்கா, பாலிட்டோ கடற்கரை ஃபிளாட் பாதி விலையில் என்ற விளம்பரத்தில், பணத்தை வங்கிக் கணக்கில்லாமல் ஏடிஎம்மில் எடுக்கும் வவுச்சராக அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அது போனால் போனதுதான். க்ரூகர் வனவிலங்குப் பூங்காவின் முகாம்களுக்குத் தேசியப் பூங்கா நிறுவனத்தின் தளத்திலும், மண்டேலா சிறையிருந்த ராபன் தீவுக்கு அந்த அருங்காட்சியகத்தின் தளத்திலும் பதிவு செய்யுங்கள். தீவுக்குப் படகு ஏறுமிடம் கேப் டவுன் வாட்டர்ஃபிரண்டில் உள்ள நெல்சன் மண்டேலா கேட்வே மட்டுமே. வழிகாட்டி வேண்டுமானால் 2014 சுற்றுலாச் சட்டப்படி பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பேட்ஜும் அட்டையும் வைத்திருப்பார், கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் கார்டு போய்விட்டால், வரிசை முக்கியம். ஆப் கையில் இருந்தால் முதலில் அதில் முடக்குவது, பிறகு +91 எண்ணில் வங்கிக்குச் சொல்லிப் புகார் எண்ணும் நேரமும் குறித்துக்கொள்வது. உங்கள் தவறில்லாமல் மூன்றாம் நபரால் நடந்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்பது ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த ஏற்பாடு. ஆனால் பின் எண்ணை நீங்களே வெளிப்படுத்தினால், புகார் கொடுக்கும் நிமிடம் வரை போன பணம் உங்களுடையது. அதனால்தான் ஏடிஎம் முன்னால் நின்றபடியே முடக்கச் சொன்னேன். பத்து நிமிடத் தாமதத்துக்கும் விலை உண்டு. அடுத்து, அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் வாக்குமூலம் எழுதிக் கொடுத்து வழக்கு எண் வாங்குங்கள். பணம் கேட்க மாட்டார்கள், கேட்டால் கொடுக்காதீர்கள். குறுஞ்செய்தியில் அனுப்புகிறோம் என்றால் உள்ளூர் சிம் எண்ணைக் கொடுத்துவிட்டு, எழுதிய அதிகாரியின் பெயரையும் நிலையத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டும் போயிருந்தால் டர்பன், ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன் மூன்றிலும் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது; வழக்கு எண்ணோடு போனால்தான் வேலை நடக்கும். பயணக் காப்பீட்டு நிறுவனமும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான், எனவே ஊர் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விமானம் ஏறிவிடாதீர்கள்.